வீட்டில் பழைய துப்பாக்கி: துருவைத் தேய்க்கும் முன்

கேள்வி: "ஐயா, எங்களுக்குக் குன்னம் வட்டத்தில் மூன்று ஏக்கர் கரிசல். மக்காச்சோளமும் பருத்தியும் வைக்கிறோம். என் தகப்பனார் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் வாங்கி ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது துப்பாக்கியை இறக்கினேன். குழல் முழுவதும் கருத்து, இடையிடையே சிவப்பாகத் துரு ஏறியிருக்கிறது. விசைக்குக் கீழே உள்ள பித்தளையில் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, லேத் பட்டறையில் கொடுத்துப் பாலிஷ் போட்டால் பளபளவென்று வந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா? சோளத்தில் பன்றி இறங்குகிறது. அதற்கும் உதவும் என்று நினைக்கிறேன்."

பதில்: வேளாண்மை அலுவலரிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பதா என்று சிலர் நினைக்கலாம். நம் ஊரில் மம்பட்டி, அரிவாள், தெளிப்பானோடு சேர்ந்து பரணில் கிடந்த சாமான்தான் இதுவும். பூச்சிக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம், குழலில் போட்டுக் கெட்டிப்பதையும் மருந்து என்கிறோம். இரண்டிலுமே அசட்டை ஆகாது. இந்தக் கடிதத்தில் நான்கு சங்கதி இருக்கிறது. அவர் கேட்டிருப்பது துருவை மட்டும்தான். ஆனால் துரு மூன்றாவதாகத்தான் வரும்.

முதலில், அந்தத் துப்பாக்கி கெட்டித்தபடி இருக்கிறதா என்று தெரியாமல் துணியைக்கூட எடுக்காதீர்கள். பன்றி வரும் என்று மாலையில் கெட்டித்து வைப்பார்கள்; பன்றி வராது; துப்பாக்கி அப்படியே பரணுக்குப் போய்விடும். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் வருடக்கணக்கானாலும் வீரியம் குறையாது. பத்து வருடம் ஆகிவிட்டதே, நமத்துப் போயிருக்கும் என்பது ஆளைக் கொல்லும் நினைப்பு. பார்க்கும் விதம் எளிது. குழலின் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ நீட்டாமல், பக்கவாட்டில் நின்றுகொண்டு, கெட்டிக்கும் கம்பியை மெதுவாக உள்ளே விடுங்கள். குத்த வேண்டாம், தானாக இறங்கட்டும். குழல் வாயின் மட்டத்தில் கம்பியில் அடையாளம் வையுங்கள். வெளியே எடுத்து, குழலின் மேலேயே வைத்து அளந்து பாருங்கள். கேப்பு மாட்டும் முனை வரைக்கும் கம்பி எட்டினால் குழல் காலி. நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. மருந்தாக இருக்கலாம், குளவிக் கூடாகவும் இருக்கலாம். தெளிப்பான் குழாயிலும் மோட்டார் பைப்பிலும் மண்குளவி கூடு வைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். துப்பாக்கிக் குழல் அதற்குக் கட்டி வைத்த வீடு மாதிரி. எதுவாக இருந்தாலும் நீங்கள் தோண்டக் கூடாது. துப்பாக்கியை அசைக்காமல் ஓர் ஓரமாக வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். கூடு இருப்பது தெரியாமல் யாராவது வெடித்தால், ரவை போவதற்கு வழியில்லாமல் குழலே பிளக்கும். பிளக்கிற இடம் பெரும்பாலும் இடது கை பிடித்திருக்கிற இடமாக இருக்கும்.

இரண்டாவது சங்கதியைச் சொன்னால் வாசகருக்குக் கொஞ்சம் திக்கென்று இருக்கும். உரிமம் தகப்பனார் பெயரில் இருந்தது. அவரோடு அது முடிந்துவிட்டது. எட்டு மாதமாக உங்கள் வீட்டில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை முடிந்த துப்பாக்கியைத் தேவையில்லாத தாமதம் இல்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. நீங்கள் தப்பு நோக்கத்தில் வைத்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் நாளைக்கு யாராவது ஒருவர் மனு எழுதிப் போட்டால், பரணில் கிடந்தது என்ற பதில் எடுபடாது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறைத் தண்டனை உண்டு. 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது அதைக் கூட்டியும்விட்டார்கள்.

ஆகவே தகப்பனாரின் உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தூக்காமல் முதலில் காவல் நிலையத்துக்கு நீங்கள் மட்டும் போங்கள். விஷயத்தைச் சொல்லி, எப்படிக் கொண்டுவரச் சொல்கிறார்களோ அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். வியாபாரியிடம் ஒப்படைப்பதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. வாடகை கேட்பார்கள், ஆனால் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார்கள். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைத்துத் திரும்ப வாங்கியவர்களைக் கேளுங்கள், இரண்டு மாதத்தில் எவ்வளவு துரு ஏறியிருந்தது என்று சொல்வார்கள். நிலையத்தில் ஒருவரும் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

துப்பாக்கி உங்களுக்கு வேண்டும் என்றால், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆவது விதிப்படி வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். மகன்தான் கேட்க வேண்டும் என்பதில்லை, மகளும் கேட்கலாம். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். இதே விதியில் இன்னொரு வசதி இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்துவிட்டாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். வீட்டில் பெரியவர்கள் பெயரில் துப்பாக்கி இருக்கிறவர்கள் இதை இப்போதே செய்துகொள்ளுங்கள். பிறகு அலைச்சல் அதிகம். உரிமம் இப்போது 5 வருடத்துக்குச் செல்லும். புதுப்பிக்க மறந்தாலும் கதை இதேதான்.

இப்போது துருவுக்கு வருவோம். உரிமம் கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது இது. ஒப்படைக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குழல் காலி என்று உறுதியானால், பருத்தித் துணியில் தையல் மிஷின் எண்ணெயைத் தொட்டு மேலே ஒருமுறை துடைத்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

குழல் கருத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அந்தக் கருப்பு அழுக்கு இல்லை. துப்பாக்கி செய்பவர் வேண்டுமென்றே ஏற்றிய நிறம் அது. இரும்பைப் பதமாகத் துருப்பிடிக்க விட்டு, கொதிக்கும் வெந்நீரில் வேகவைப்பார்கள். சிவப்புத் துரு கருப்பாக மாறும். மேலே தூளாக நிற்பதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி துருவேற்றி, மறுபடி வேகவைப்பார்கள். இப்படிப் பல நாள் செய்தால் நீலம் கலந்த ஒரு கருப்பு, இரும்போடு ஒட்டிக்கொண்டு உட்காரும். இதுவும் இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள்தான், சிவப்புத் துருவுக்கு உடன்பிறப்பு. ஆனால் குணம் நேர்மாறு. சிவப்புத் துரு பஞ்சு மாதிரி. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளே உள்ள இரும்பைத் தின்னும். கருப்பு கெட்டியானது, எண்ணெயைப் பிடித்துக்கொண்டு இரும்பைக் காக்கும். 1966இல் தொடங்கிய நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து வருகிற புதுத் துப்பாக்கியும் கருப்பாகத்தான் வருகிறது. எவர்சில்வர் குடம் மாதிரிப் பளபளக்கிற குழல் என்றால் சட்டையைக் கழற்றிவிட்டு மழையில் நிற்கிற ஆள் என்று அர்த்தம். ஒரு ஐப்பசி அடைமழை போதும், சிவந்துவிடும்.

உப்புத்தாள் போட்டால் முதலில் போவது இந்தக் கருப்புதான். துருவோடு சேர்ந்து நல்ல இரும்பும் போகும். கலப்பைக் கொழு தேய்ந்தால் புதுக் கொழு மாட்டிக்கொள்ளலாம். குழலின் கனம் தேய்ந்தால் திரும்ப வராது. வெடிக்கும்போது வருகிற அழுத்தத்தை அந்தக் கனம்தான் தாங்குகிறது. இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. குழலிலோ பூட்டிலோ எண்ணும் முத்திரையும் பொறித்திருக்கும். பழைய நாட்டுத் துப்பாக்கிகளில் அந்த எழுத்து ஆழமே இருக்காது. பாலிஷ் சக்கரத்தில் அரை நிமிடம் பிடித்தால் காணாமல் போகும். துப்பாக்கியின் எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் தனிக் குற்றம். பளபளப்புக்காகத் தேய்த்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? லேத் பட்டறையும் வேண்டாம். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும் என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்கு உதவப் போய்ப் பாவம் அந்தப் பட்டறைக்காரரும் மாட்டிக்கொள்வார்.

ஆக, எடுக்க வேண்டியது சிவப்பை மட்டும். துரு உள்ள இடத்தில் மிஷின் எண்ணெயைத் தாராளமாகத் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் முரட்டுப் பருத்தித் துணியால் தேயுங்கள். பாதித் துரு சேறு மாதிரி வந்துவிடும். மிச்சத்துக்குச் செம்பு. வீட்டு வயரைச் சீவினால் உள்ளே மெல்லிய செப்பு இழைகள் இருக்கும். அதைப் பந்தாகச் சுருட்டி, எண்ணெயில் தொட்டு, குழலின் நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். பழைய செப்புக் காசின் விளிம்பாலும் சுரண்டலாம். செம்பு இரும்பைவிட மெதுவானது. துருவைப் பெயர்க்கும், இரும்பில் கீறல் போடாது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் ஆகவே ஆகாது, அது எவர்சில்வர் கம்பி, கோடு கோடாகக் கீறிவிடும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று உட்காராதீர்கள். மூன்று நாள், நான்கு நாள் எண்ணெயும் தேய்ப்புமாகப் போகட்டும். கடைசியில் கருப்புக்கு நடுவே சாம்பல் நிறப் புள்ளிகள் நிற்கும். அவை துரு தின்ற குழிகள். அவற்றைச் சமன்படுத்தப் பார்க்காதீர்கள். எண்ணெயோடு அப்படியே விட்டுவிடுங்கள்.

புளி, எலுமிச்சை, வினிகர், கோலா பானம் எதையும் குழலில் ஊற்றாதீர்கள். கோலாவில் துரு கரைவதைக் கைப்பேசி வீடியோவில் காட்டுகிறார்கள், உண்மைதான், அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. ஆனால் அமிலத்துக்குச் சிவப்பு எது, கருப்பு எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கரைத்து எடுத்துவிடும். எண்ணெய் என்றதும் வீட்டில் இருக்கிற நல்லெண்ணெயையோ விளக்கெண்ணெயையோ தடவுகிறவர்கள் உண்டு. நாள்பட்டால் சிக்குப் பிடித்துக் குதிரையும் விசையும் இறுகிவிடும். முப்பது ரூபாய் மிஷின் எண்ணெய்தான் இதற்குச் சரி.

குழலின் உட்புறம் வேறு கணக்கு. கரிமருந்து வெடித்ததும் உள்ளே படிகிற கசடு பெரும்பாலும் பொட்டாசிய உப்புகள். அடிமூட்டையில் கிடக்கிற உரம் மழைக் காற்றில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கசடும் அதே மாதிரி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெடித்த மறுநாளே உள்ளே துரு தொடங்கிவிடும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் நாட்டுத் துப்பாக்கியை வெந்நீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும். இரும்பில் தண்ணீரா என்று பயந்து எண்ணெயை மட்டும் விட்டவர்களின் குழல்தான் உள்ளுக்குள் சீக்கிரம் கெடும். நன்றாகக் கொதித்த நீரைப் புனல் வைத்து ஊற்றி, கம்பி நுனியில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்து, வெளியே வருகிற தண்ணீர் தெளிகிற வரை கழுவுங்கள். வெந்நீரில் குழலே சூடாவதால் ஈரம் தானாக உலரும். உலர்ந்த துணி இரண்டு மூன்று விட்டு எடுத்து, பிறகு எண்ணெய்த் துணி. ஆனால் இது வெடித்த அன்றே செய்கிற வேலை. பல வருடம் கழுவாமல் கிடந்த குழலைக் கழுவி மட்டும் நம்பிவிட முடியாது. உள்ளே குழி எவ்வளவு ஆழம் என்று வெளியிலிருந்து தெரியாது. உரிமம் பெற்ற வியாபாரியோ பழுது பார்ப்பவரோ விளக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லாமல் அதில் மருந்தே போடக் கூடாது.

பித்தளைக் களிம்புக்கு வீட்டுப் பெண்களைக் கேட்டாலே போதும். குத்துவிளக்குக்குச் செய்வதுதான்: கொஞ்சம் புளி, சிட்டிகை உப்பு, தேய்த்து உடனே கழுவி, துடைத்து, விபூதியால் மெருகு. ஆனால் துப்பாக்கியில் பித்தளைக்குப் பக்கத்திலேயே இரும்பும் மரமும் இருக்கின்றன. புளித்தண்ணீர் இடுக்கில் இறங்கினால் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் புதுத் துரு. கழற்றத் தெரியாதென்றால் ஈரமே இல்லாமல் விபூதியை எண்ணெயில் குழைத்துத் துணியால் தேயுங்கள். பச்சை போனால் போதும், பொன்னாக வேண்டாம். புளியில் ஊறப்போட்டு மறந்த செம்பு சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அது சுத்தமானதன் அடையாளம் இல்லை. மேலே இருந்த துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் நிற்கிறது.

கடைசியாகப் பன்றி. இதில் நான் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 13ஆம் பிரிவில் பயிர்ப் பாதுகாப்புக்கு வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்றே எழுதியிருக்கிறது, சரி. அந்த உரிமம் துப்பாக்கியை வைத்திருக்கத்தான்; பன்றியைச் சுட இல்லை. காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. மான், மயிலும் அப்படியே. 2025 ஜனவரியில் தமிழக அரசு பன்றிக்கென்று ஒரு முறை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள், நாம் இல்லை. ஒரு வருட உழைப்பு ஒரே ராத்திரியில் உழுது போட்டதுபோல் கிடக்கும்போது இந்த வரிகளைப் படித்தால் கோபம் வரும். எனக்கும் வரும். ஆனாலும் சேதத்தை அன்றன்றைக்குப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்தில் கொடுத்தால்தான் 3 கிலோமீட்டர் கணக்கு நம் கொல்லைக்குப் பொருந்துமா என்றாவது பார்ப்பார்கள். தனித்தனியாக வேண்டாம், வரப்புக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். துப்பாக்கி இல்லையே என்று கம்பியில் கரண்ட் விடுகிற வேலைக்கு மட்டும் யாரும் போக வேண்டாம். அதில் அதைக் கட்டியவர்களும் பக்கத்துக் கொல்லைக்காரர்களும்கூடச் செத்திருக்கிறார்கள்.

கேள்வி: "செந்துறைப் பக்கம் எங்கள் ஊர். உரிமத்தோடு இரட்டைக் குழல் 12 போர் வைத்திருக்கிறேன். தோட்டாக்களை உரம் வைக்கும் அறையில் பெட்டியில் வைத்திருந்தேன். பித்தளை அடிப்பாகம் பச்சையாகிவிட்டது. தேய்த்துப் பயன்படுத்தலாமா?"

பதில்: கூடாது. தேய்க்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரைப் படையின் தோட்டாக்களை மழைக்காலத்தில் லாயத்தில் அடுக்கி வைப்பார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் தானாகவே விரிசல் விட்டிருக்கும். யாரும் தட்டவில்லை, நசுக்கவில்லை. காரணம் புரிந்து அது அச்சில் வந்தது 1921இல். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஆவியும் மழைக்கால ஈரமும் சேர்ந்து, அச்சில் இழுத்த இறுக்கம் உள்ளே தங்கியிருந்த பித்தளையைப் பிளந்திருக்கிறது. உங்கள் உர அறையில் யூரியா கசிந்தால் அதே அம்மோனியாதான். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பொட்டாஷ் மூட்டை பக்கத்தில் இருந்தால் அது குளோரைடு உப்பு, குழல் இரும்புக்கு அது எமன். மேலே தெரிகிற பச்சையைத் தேய்த்து எடுத்துவிடலாம். உள்ளே ஓடியிருக்கிற மயிரிழை விரிசலை எடுக்க முடியாது. வெடிக்கும்போது விரிசல் பின்பக்கமாக, உங்கள் முகத்துக்கு நேராகத் திறக்கும்.

அந்தத் தோட்டாக்களை எண்ணி, உரிமப் புத்தகத்தோடு நீங்கள் வாங்கிய வியாபாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். குப்பையில் போடவோ மண்ணில் புதைக்கவோ கூடாது, பிள்ளைகள் கையில் கிடைத்துவிடும். துப்பாக்கியையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். சாக்கிலோ தோல் உறையிலோ சுற்றி வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றாடும் உள் அறையில், பூட்டுப் போட்ட மர அலமாரியில், குழல் வாய் கீழே பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரம் இற்றுப்போகும். கையால் தொட்ட ஒவ்வொரு தடவையும் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு, வியர்வையும் உப்புத்தான். மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.